வாசலில் இருக்கிறவனுக்கும் பேர் உண்டு

வேதபகுதி: லூக்கா 16:19-31

இந்த உவமையில் ஐசுவரியவானுக்குப் பேர் இல்லை. அவன் வாசலில் கிடந்த தரித்திரனுக்குத்தான் பேர் இருக்கிறது. லாசரு என்றால் 'தேவன் உதவி செய்தார்' என்று அர்த்தம். இதிலிருந்து மூன்று காரியங்களை தியானிப்போம்.

1. பேர் தெரிந்தும் கூப்பிடவில்லை

ஐசுவரியவான் லாசருவை அடிக்கவில்லை, விரட்டவுமில்லை. தினமும் கடந்து போனான், அவ்வளவுதான். ஆனா பாதாளத்தில் தண்ணீர் தேவைப்பட்டபோது லாசருவின் பேரைச் சரியாகச் சொல்கிறான், பாருங்க! அப்போ பேர் முன்னாடியே தெரியும். தன் காரியத்துக்கு மட்டுமே அந்தப் பேர் அவனுக்கு ஞாபகம் வந்தது.

2. வாங்குகிற கை கொடுக்கவும் செய்யும்

தூத்துக்குடி மாவட்டத்துக்காரர் யாசகர் பூல்பாண்டியனை நினைத்துக்கொள்ளுங்கள். நிலையான இருப்பிடம் இல்லாமல் ஊர் ஊராகப் போனவர். 2020 ஊரடங்கில் மதுரையில் மாட்டிக்கொண்டார். அந்த மே மாதம் யாசகம் வாங்கிச் சேர்த்த 10,000 ரூபாயை கொரோனா நிவாரணத்துக்கென்று கலெக்டர் ஆபீஸில் கொடுத்தார். திரும்பத் திரும்பக் கொடுத்து ஆகஸ்டில் அது 90,000 ரூபாய் ஆனது. ஆட்சியர் அவரை சமூக சேவகர் என்று பாராட்டினார். அரசுப் பள்ளிகளுக்கும் மேஜை, நாற்காலி வாங்கித் தந்திருக்கிறார். ஜனங்கள் அவரை அன்போடு பேர் சொல்லிப் பேசுவதற்கு இதுதான் காரணம். இரண்டு காசு போட்ட விதவையை ஆண்டவர் ஏன் காட்டினார் என்று இப்போ புரிகிறதா? (மாற்கு 12:41-44)

3. நாம் செய்ய வேண்டியது

சனிக்கிழமை பனியன் கம்பெனியில் சம்பளம் வாங்கி, பஸ் ஸ்டாண்டு வழியாக வீட்டுக்கு வருகிறோம். அங்கே படுத்திருக்கிறவருக்குச் சில்லறை போடுகிறோம், நல்லது. ஆனா நான் உங்களைக் கேட்கிறேன்: அவர் பேர் என்ன? சொந்த ஊர் எது? ஒருநாள் ராத்திரி அவர் இறந்துபோனால், 'பெயர் விலாசம் தெரியாத ஆண்' என்றுதான் போலீஸ் எழுதும். அவருடைய வீட்டாருக்குச் சொல்லிவிட ஆள் இருக்காது. நம்மில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணா, சாப்பிட்டீங்களா? உங்க பேர் என்னங்க?" என்று கேட்டிருந்தால் அந்த நிலைமை வராதே!

இந்த வாரம் ஆளுக்கு ஒரு பேரையாவது தெரிந்துகொண்டு வாருங்கள். ஞாயிறு ஆராதனையில் அந்தப் பேர்களைச் சொல்லி ஜெபிப்போம். சுகவீனமாக இருக்கிறவர்களை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வாலிபர்கள் முன்வாருங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.