மணற்குன்று நாட்டு மாட்டுப் பண்ணையில் ஓராண்டு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மத்தியில் நெப்ராஸ்கா என்னும் மாகாணம் உள்ளது. அதன் வடக்கிலும் மேற்கிலும் ஏறக்குறைய 20,000 சதுர மைல் பரப்புக்கு மணற்குன்றுகளே நிறைந்திருக்கின்றன. குன்றுகளைப் புல் போர்த்திருப்பதனால் மணல் நகராமல் நிற்கின்றது. ஏர் பூட்டி அப்புல்லைப் பெயர்த்தால் காற்று மணலை வாரிக்கொண்டு போய்விடும். ஆகவே அங்குள்ள குடியானவன் தானியம் விதைப்பதில்லை. புல்லை மாட்டுக்கு ஊட்டி, மாட்டின் கன்றை விற்றுப் பிழைக்கின்றான்.

1904ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி இப்பிரதேசத்தில் குடியேறியவர்களுக்குக் குடும்பத்துக்கு 640 ஏக்கர் வீதம் நிலம் இனாமாகக் கிடைத்தது. நம் பக்கத்தில் 640 ஏக்கர் உடையவனைப் பெரிய மிராசுதாரன் என்போம். அம்மணற்பூமியிலோ ஒரு பசுவை ஓராண்டு காப்பாற்றப் பத்து முதல் இருபது ஏக்கர் வரை வேண்டியிருக்கின்றது. நாற்பது ஐம்பது பசுக்களைக் கொண்டு ஜீவிக்க முடியாமல் பலர் நிலத்தை விற்றுவிட்டு வெளியேறினர். நிலைத்தவர்கள் அந்நிலங்களை வாங்கிச் சேர்த்தனர். இன்று ஆயிரக்கணக்கான ஏக்கர் உள்ள பண்ணையையும் பெரும்பாலும் ஒரே குடும்பம்தான் நடத்துகின்றது. செர்ரி என்னும் ஜில்லாவின் பரப்பு சுமார் 6,000 சதுர மைல். ஜனத்தொகை 6,000க்கும் குறைவு. அவசரத்துக்குக் கூப்பிட அண்டை வீடு இல்லை என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இக்குடும்பத்தின் வருமானம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறையே வருகின்றது. ஒரு பசுவுக்கு ஒரு கன்று; அக்கன்று இறந்தால் அப்பசுவைத் தீனியிட்டுக் காத்த செலவு முழுவதும் நஷ்டம். வீட்டார் உறங்குவதும், பிள்ளைகள் பள்ளி செல்வதும், கலியாணத்துக்கு நாள் குறிப்பதும் கன்றை அனுசரித்தே நடைபெறுகின்றன.

பசுவின் சினைக்காலம் சுமார் 283 நாட்கள். ஜூன் மாத ஆரம்பத்தில் பொலிகாளைகளை மந்தையில் விட்டால் மார்ச்சு இரண்டாம் வாரத்தில் கன்றுகள் பிறக்கத் தொடங்கும். அக்காலம் அங்கே குளிர் நீங்காத காலம். நனைந்த உடம்போடு பனியில் விழுந்த கன்று சில மணி நேரத்தில் விறைத்து மடியக்கூடும். ஆதலின் தலையீற்றுக் கிடாரிகளை வீட்டருகே பட்டியில் அடைத்து, இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை இரவிலும் சென்று பார்க்கின்றனர். நள்ளிரவு முறை கணவனுடையதென்றால் விடியற்கால முறை மனைவியுடையது. குளிர்ந்துபோன கன்றைச் சமையலறைக்குத் தூக்கிவந்து, துணியால் துடைத்து, வெந்நீரில் இருத்திப் பிழைக்க வைத்த கதை அங்கு வீடுதோறும் உண்டு.

பிறந்த கன்று முதல் சில மணி நேரத்திற்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். நோயைத் தடுக்கும் சக்தி தாயின் கருப்பையில் கன்றுக்குக் கிடைப்பதில்லை. அது சீம்பால் மூலமாகவே கிடைக்கின்றது. ஒரு நாள் கழிந்தபின் அச்சக்தியைக் கன்றின் குடல் ஏற்றுக்கொள்ளாது. நம்மவர்களில் சீம்பாலைக் கறந்து திரட்டுப்பால் கிளறி உண்போர் பலர். கன்று வயிறு நிறையக் குடித்த பிறகு அவ்வாறு செய்தல் நலம்.

குளிருக்கு அடுத்த பகைவன் கழிச்சல் நோய். முதலில் பிறந்த கன்றுகளுக்கு நோய் சிறிதாகத் தோன்றினாலும், அவற்றின் சாணத்தால் தரை முழுவதும் நஞ்சேறிப் பின்னர் பிறக்கும் கன்றுகள் மடிகின்றன. இதற்கு நெப்ராஸ்கா சர்வகலாசாலையைச் சேர்ந்த கால்நடை வைத்தியர்களும் பண்ணைக்காரர்களும் 2000ஆம் ஆண்டையொட்டி ஓர் எளிய ஏற்பாட்டைக் கண்டனர். கன்று ஈனத் தொடங்கி இரண்டு வாரங்கள் சென்றதும், இன்னும் ஈனாத பசுக்களை மட்டும் புதிய மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டுகின்றனர். ஈன்றவை பழைய இடத்திலேயே தங்கும். அதன்பின் வாரந்தோறும் அவ்வாறே செய்கின்றனர். ஒவ்வொரு நிலத்திலும் ஏறத்தாழ ஒரே வயதுக் கன்றுகள் இருக்கும். கடைசிக் கன்று நான்கு வாரம் நிரம்பிய பிறகே மந்தைகளைச் சேர்க்கின்றனர். இம்முறையை முதலில் கைக்கொண்ட பண்ணையில் கழிச்சலால் கன்று சாவது நின்றுபோயிற்று. வேலியும் தண்ணீர்த் தொட்டியுமன்றி மருந்துச் செலவு எதுவும் இதற்கு வேண்டியதில்லை.

இரவுக் காவலைக் குறைக்கும் ஒரு வழியும் உண்டு. கானடா தேசத்தின் மானிடோபா மாகாணத்தில் கஸ் கோனெஃபால் என்னும் பண்ணைக்காரர், சினைப்பசுக்களுக்கு இரவில் தீனியிட்டால் பெரும்பாலான கன்றுகள் பகலில் பிறப்பதை 1970களில் கவனித்து வெளியிட்டார். பின்னர்ச் செய்த சோதனைகளிலும் அவர் கூற்று மெய்யென விளங்கியது. கற்றவர் அறியாததை மாட்டோடு வாழ்பவன் கண்டுகொண்டான்!

மே மாதத்தில் சூட்டுக்குறி இடும் நாள் வருகின்றது. அண்டைப் பண்ணையார் மனைவி மக்களோடு குதிரைகளில் வந்து கூடுவர். கன்றுகளைக் கயிற்றால் பிடித்துக் குறியிட்டு, தடுப்பூசி போட்டு, காளைக்கன்றுகளுக்குக் காயடித்து விடுகின்றனர். கூலி கிடையாது; இன்று இவனுக்கு, நாளை அவனுக்கு. நண்பகல் விருந்து வீட்டுக்காரியின் பொறுப்பு. பத்து வயதுப் பையன் தடுப்பூசிக் குழலை முதன்முதலாகக் கையில் ஏந்துவதும் அன்றைக்கே.

ஜூலையில் புல் அறுப்பு. குன்றுகளுக்கு நடுவே நிலத்தடி நீர் மேலெழுந்து நிற்கும் ஈரப்புல்வெளிகள் உண்டு. அங்கே புல்லை அறுத்து உலர்த்திச் சேர்க்கின்றனர். ஒரு பசு குளிர்காலத்தில் நாளொன்றுக்கு 25 முதல் 30 பவுண்டு வரை காய்ந்த புல் தின்னும். நான்கு மாதத்துக்குப் பசுவொன்றுக்கு ஒன்றரை டன். 300 பசுக்களுக்கு 450 டன். இதில் குறை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 1886-87ஆம் ஆண்டுக் குளிர்காலம் காட்டியது. தீனி சேர்க்காமல் திறந்தவெளியையே நம்பியிருந்த வடக்குச் சமவெளிப் பண்ணைகளில் மாடுகள் மந்தை மந்தையாக மடிந்தன. புல் சேர்க்கும் வழக்கம் அதன்பிறகே வேரூன்றியது. 1949 ஜனவரிப் பனிப்புயலில், சேர்த்த புல் இருந்தும் போருக்கும் மாட்டுக்கும் இடையே வழி அடைபட்டது. ஆகாய விமானங்களிலிருந்து புற்கட்டுகளை வீச நேர்ந்தது.

சில பண்ணையார் இப்போது கன்று ஈனும் பருவத்தையே மே மாதத்துக்குத் தள்ளியுள்ளனர். கன்று இளவெயிலில் பிறக்கின்றது. தாய்க்குப் பச்சைப்புல் கிடைக்கின்றது. சேர்க்க வேண்டிய புல்லும் குறைகின்றது. இலையுதிர்காலத்தில் கன்றின் எடை சற்றுக் குறைவதும் உண்மையே. ஆயினும் பெண்டு பிள்ளைகள் பனியில் விழித்திருக்கும் இரவுகளைக் கணக்கில் சேர்த்தால் இம்மாற்றம் நஷ்டமென்று நான் கருதவில்லை.

அக்டோபரில் பால் மறக்கச் செய்து கன்றுகளை விற்கின்றனர். அப்போது கன்று 500 அல்லது 600 பவுண்டு இருக்கும், விலை எடைப்படியே. விரட்டி ஓட்டினால் எடை குறையுமாதலால், அன்று குடும்பத்தார் அனைவரும் குரல் தாழ்த்திப் பைய நடக்கின்றனர். தாய்ப்பசுக்கள் இரண்டு மூன்று இரவுகள் கதறும். வேலிக்கு அப்புறம் கன்று கண்ணில் படும்படி நிறுத்திப் பிரித்தால் கதறல் வெகுவாகக் குறைகின்றது.

வீட்டுக்காரியின் உழைப்பு இவற்றோடு முடிவதில்லை. எந்தப் பசு எந்நாளில் ஈன்றது என்னும் குறிப்புப் புத்தகமும் வரவு செலவும் பெரும்பாலும் அவள் கையில். மாதச் சம்பளத்துக்கும் வைத்தியச் செலவுக்கான காப்புறுதிக்குமாகப் பள்ளியிலோ ஆஸ்பத்திரியிலோ வேலை பார்ப்பவர்களும் பலர். உயர்தரப் பள்ளி வெகு தூரமாகையால், வாரநாட்களில் பிள்ளைகளோடு நகரத்தில் தங்கி வெள்ளிக்கிழமை மாலை பண்ணைக்குத் திரும்பும் தாய்மார்களும் உண்டு.

பாகப்பிரிவினைதான் மிகக் கடினமானது. நிலத்தின் விலை ஏறிவிட்டது. அந்நிலம் தரும் வருமானமோ சொற்பம். மூன்று பிள்ளைகளுள் ஒருவன் பண்ணையில் உழைக்க, இருவர் நகரங்களில் இருந்தால், சரிபங்கு கொடுக்கும்போது பண்ணை துண்டாகின்றது. கொடாவிட்டால் உறவு முறிகின்றது. தகப்பன் உயிரோடிருக்கும்போதே எல்லோரையும் ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து, உழைத்தவனுக்கு மந்தையும் குத்தகையுரிமையும், மற்றவர்களுக்கு ஆயுள் இன்ஷூரன்ஸ் தொகையோ தவணைப் பணமோ என்று எழுதி வைத்த குடும்பங்களில் பண்ணை பிழைத்திருக்கின்றது. பேச்சை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவந்த வீடுகளில், தகப்பன் இறந்த பின் மந்தையும் நிலமும் ஏலத்துக்கு வருவதுண்டு.