‘அன்லிமிடெட்’ இணைப்பில் வேகம் குறைந்தால்…

கேள்வி: வீட்டு ஃபைபர் இணைப்பை ‘அன்லிமிடெட்’ என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மாதக் கடைசியில் வேகம் படுத்துவிடுகிறது. கேட்டால் ‘எஃப்யூபி முடிந்துவிட்டது’ என்கிறார்கள். டிஎன்பிஎஸ்சி ஆன்லைன் வகுப்புகூடப் பார்க்க முடியவில்லை. இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா?
– வாசகர், ஆயக்குடி

பதில்: பிராட்பேண்ட் கட்டணத்தை முடிவுசெய்வதை, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், நிறுவனங்களிடமே விட்டிருக்கிறது. இத்தனை ஜிபி வரை ஒரு வேகம், தாண்டினால் குறைந்த வேகம் என்று திட்டம் வகுக்கத் தடையில்லை. எஃப்யூபி என்பது அந்த வரம்புதான். அதை மறைப்பதுதான் தவறு. வரம்பு எவ்வளவு, அதற்கு முன்னும் பின்னும் என்ன வேகம் என்பதை இணையதளத்திலும் விளம்பரத்திலும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று டிராய் 2016இல் உத்தரவிட்டது. வரம்பு முடிந்தாலும் வீட்டு இணைப்பின் வேகம் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே போகக் கூடாது என்றும் அதில் உண்டு. அந்த வேகத்தில் வாட்ஸ்அப் செய்தி போகும். வீடியோ வகுப்பு திணறும். பிராட்பேண்டுக்கான குறைந்தபட்ச வேகத்தை மத்திய அரசே 2023இல் 2 எம்பிபிஎஸ் ஆக்கிவிட்ட நிலையில், 512 என்பது காலாவதியான கணக்கு.

குறிப்பிட்ட ஒரு தளத்தை மட்டும் மந்தமாக்கினால் விஷயம் வேறு. இணையச் சமநிலை விதிகள் 2018 முதல் அதைத் தடுக்கின்றன. தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வாங்குவதற்கு 2016 பிப்ரவரி 8 முதலே தடை உண்டு. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் வரை அபராதம்.

சிறு ஊர்களில் லைன் இழுப்பவர் பெரும்பாலும் உள்ளூர் கேபிள்காரர். அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயர் பில்லில் இருக்கும். அதன் வாடிக்கையாளர் மையத்தில் புகார் செய்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். தீராவிட்டால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாட்களுக்குள் முறையிடலாம். கட்டணம் இல்லை, 39 நாட்களில் முடிவு வர வேண்டும். தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை.

திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தொலைத்தொடர்பு வழக்குகள் அங்கே செல்லாது என்ற பழைய வாதத்தை, வோடஃபோன் ஐடியா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் நிராகரித்துவிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ‘அன்லிமிடெட்’ என்று அச்சிட்ட நோட்டீஸ், பில்கள், மாதக் கடைசியில் எடுத்த ஸ்பீட் டெஸ்ட் ஸ்கிரீன்ஷாட்டுகள் ஆகியவையே முக்கியச் சான்றுகள். நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் வரம்பு போட்டிருந்தால் வழக்கு பலவீனமாகும். ஆனால் கண்ணுக்கே தெரியாத எழுத்து வெளிப்படையான அறிவிப்பாகாது என்று வாதாட இடமுண்டு.