தரைக்கு டைல்ஸ் போட என்ன செலவாகும்?

(மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை மாணவர்)



"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பது பழமொழி. வீடு கட்டியவர்களைக் கேட்டால், கூரை கான்கிரீட் வரைக்கும் தாக்குப்பிடித்த பணம் தரை போடும்போதுதான் காலியானது என்பார்கள். தரை என்பது வீட்டு வேலையில் ஏறக்குறைய கடைசிக் கட்டம். அங்கே கணக்குப் பிசகினால் சரிக்கட்ட வேறு இடம் கிடையாது.

கடைக்காரர் "சதுர அடி 50 ரூபாய்" என்கிறார். "நம்ம ஹால் 143 சதுர அடி, ஏழாயிரத்துச் சொச்சம் போதும்" என்று வீட்டுக்காரர் மனக்கணக்குப் போடுகிறார். வேலை முடியும்போது செலவு இருபதாயிரத்தைத் தாண்டிவிடுகிறது. நடுவில் இருக்கும் பதிமூன்றாயிரம் எங்கே போனது? அதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

என் அப்பா டைல்ஸ் பதிக்கும் மேஸ்திரி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். எஸ்டிமேட்டிங் வகுப்பில் படித்ததையும், லீவு நாட்களில் அப்பாவோடு சைட்டுக்குப் போய்ப் பார்த்ததையும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

1. டைல்ஸ் விலை எதனால் மாறுகிறது?

இந்தியாவில் தயாராகும் டைல்ஸில் பெரும்பகுதி குஜராத் மாநிலம் மோர்பியிலிருந்து வருகிறது. களிமண் கலவையை அழுத்தி, ஏறக்குறைய 1200 டிகிரி வெப்பத்தில் சுட்டு எடுக்கிறார்கள். 2019-ல் பசுமைத் தீர்ப்பாயம் நிலக்கரி வாயு உலைகளை மூடச் சொன்ன பிறகு, அங்குள்ள தொழிற்சாலைகள் இயற்கை எரிவாயு, புரொபேன் ஆகியவற்றுக்கு மாறின. அதனால் கேஸ் விலை ஏறினால் டைல்ஸ் விலையும் ஏறும். அங்கிருந்து நம் ஊர் வரைக்கும் லாரி வாடகை வேறு இருக்கிறது. 2 அடிக்கு 2 அடி டைல்ஸ் ஒரு பெட்டி ஏறக்குறைய 27, 28 கிலோ கனம்.

அடுத்தது ரகம். சாதாரண செராமிக் டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சும். விட்ரிஃபைட் டைல்ஸ் உறிஞ்சுவது அரை சதவீதத்துக்குள்தான். அதிலேயே மேலே டிசைன் அச்சடித்துப் பளபளப்புப் பூசியது ஒரு வகை. நிறக்கலவையையே இரண்டு அடுக்காக அழுத்தி எடுக்கும் 'டபுள் சார்ஜ்' இன்னொரு வகை. ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடத்துக்கு இரண்டாவது வகை தாங்கும். டைல்ஸ் தரத்துக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 15622. கடையில் அட்டைப் பெட்டியைத் திருப்பி அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.

பிறகு வரி. டைல்ஸுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்து, 2017 நவம்பரில் 18 ஆனது. சிமென்ட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 ஆனது. கடைக்காரர் சொல்லும் ரேட் வரியோடு சேர்த்தா, வரி தனியா என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

2. பெட்டிக் கணக்கு

எங்கள் தெருவில் ஓர் அத்தை, சங்கிலியை அடகு வைத்து ஹாலுக்கு டைல்ஸ் போட்டார். ஹால் 13 அடிக்கு 11 அடி, அதாவது 143 சதுர அடி. கடையில், "ஒரு பெட்டியில் 4 கல், 16 சதுர அடி. 9 பெட்டி எடுத்தால் 144 வரும், போதும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இதில் இரண்டு கோளாறு உண்டு. '2 அடி டைல்ஸ்' என்று நாம் சொல்வது உண்மையில் 600 மில்லிமீட்டர். இரண்டு அடி என்றால் 609.6 மில்லிமீட்டர். ஆகவே ஒரு பெட்டி 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடிதான். 9 பெட்டிக்கு 139.5 சதுர அடிதான் வருகிறது. ஒரு கல்கூட உடையாமல், வெட்டாமல் பதித்தாலும் ஹால் நிரம்பாது! "பெட்டியில அச்சடிச்சிருக்கறதப் படி தம்பி, வாயால சொல்றதக் கேக்காத" என்று அப்பா அடிக்கடி சொல்வார்.

3. வெட்டுக் கணக்கு

இரண்டாவது கோளாறு இதைவிடப் பெரியது. 13 அடி என்பது 3962 மி.மீ. அதில் 6 முழுக் கல் போக 362 மி.மீ. மிச்சம். 11 அடி என்பது 3353 மி.மீ. அதில் 5 முழுக் கல் போக 353 மி.மீ. மிச்சம். ஆகவே நீளத்தில் 7, அகலத்தில் 6, மொத்தம் 42 கல் வேண்டும். பரப்பளவை மட்டும் வைத்து வகுத்தால் 37 கல் போதும் போலத் தெரியும். வித்தியாசம் 5 கல்.

வெட்டியதில் மிஞ்சும் துண்டு வீணா என்றால், இல்லை. ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய 24 செ.மீ. அகலம் இருக்கும். அதில் 10 செ.மீ. பட்டை இரண்டு எடுக்கலாம். சுவரடியில் ஓடும் ஸ்கர்டிங்குக்கு (மேஸ்திரிகள் வாயில் 'ஸ்கேட்டிங்') அதுவே ஆகிவிடும். இந்த ஹாலில் 12 துண்டிலிருந்து 24 பட்டை, மொத்தம் 14.4 மீட்டர் கிடைக்கும். சுற்றளவு 48 அடியில் வாசலுக்கு 3 அடி கழித்தால் 45 அடி, 13.7 மீட்டர்தான் தேவை. ஸ்கர்டிங்குக்குத் தனியாகக் கல் வாங்கவே வேண்டாம். ஆக 42 கல்லுக்கு 11 பெட்டி வாங்கினால் 2 கல் கையில் நிற்கும். பின்னால் ஒரு கல் உடைந்தால் மாற்ற அது உதவும்.

அத்தை 9 பெட்டி வாங்கியதால் நடுவேலையில் மறுபடியும் கடைக்கு ஓட வேண்டியதாயிற்று. அதே டிசைன்தான் கிடைத்தது. ஆனால் பேட்ச் வேறு, நிறம் ஒரு மாற்று குறைவு. வாசல் ஓரம் ஒரு வரிசை இன்றைக்கும் தனியாகத் தெரிகிறது. பெட்டியில் பேட்ச், ஷேடு எண் அச்சாகியிருக்கும். எல்லாப் பெட்டியிலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து ஒரே தடவையில் எடுப்பதே நல்லது.

4. கல்லுக்கு அடியில் போகும் செலவு

2 அங்குலக் கலவை, 1:6 விகிதம் என்று வைத்துக்கொண்டால் இந்த ஹாலுக்குச் சிமென்ட் ஏறக்குறைய 180 கிலோ, எம்-சாண்ட் 27 கன அடி ஆகும். மேலே ஊற்றும் சிமென்ட் பாலுக்கு 44 கிலோ. எல்லாம் சேர்ந்து 5 மூட்டை.

அடித்தளக் கான்கிரீட்டை மட்டம் பார்க்காமல் போட்டிருந்தால் கலவை 3 அங்குலமாகிவிடும். அப்போது இன்னும் 2 மூட்டை சிமென்ட்டும் 13 கன அடி மணலும் கூடுதல். நாளை நாம் சைட்டில் நிற்கும்போது ரசமட்டம் வைத்துப் பார்ப்பதில் இவ்வளவு பணம் இருக்கிறது.

5. மொத்தக் கணக்கு

கீழே உள்ள ரேட்டுகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர் மாறும். முறை மாறாது.

டைல்ஸ் 11 பெட்டி, பெட்டி 800 வீதம்: ரூ. 8,800
வரி 18 சதவீதம்: ரூ. 1,584
சிமென்ட் 5 மூட்டை, 400 வீதம்: ரூ. 2,000
எம்-சாண்ட் 27 கன அடி, 60 வீதம்: ரூ. 1,620
பதிக்கும் கூலி 143 சதுர அடி, 30 வீதம்: ரூ. 4,290
ஸ்கர்டிங் கூலி 45 அடி, 20 வீதம்: ரூ. 900
ஜாயிண்ட் பவுடர், ஸ்பேசர்: ரூ. 500
வண்டி வாடகை, ஏற்றி இறக்க: ரூ. 600
மொத்தம்: ரூ. 20,294

சதுர அடிக்கு ஏறக்குறைய 142 ரூபாய். கடையில் சொன்ன 50 ரூபாய் இதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

6. செலவைக் கூட்டும் மற்றவை

பழைய தரையை உடைத்து அள்ளுவது தனிச் செலவு. மாடி என்றால் பெட்டி தூக்கும் கூலி ஏறும். 2-க்கு 4 அடிக் கல்லைத் தூக்கி வைக்க இரண்டு ஆள் வேண்டும், பதிக்கும் ரேட்டும் கூடும். கோணலாக டிசைன் போட்டால் வெட்டுச் சேதம் அதிகம். விட்ரிஃபைட் கல் தண்ணீர் உறிஞ்சாததால் வெறும் சிமென்ட்டில் பிடிப்புக் குறைவு. பசை வைத்து ஒட்டினால் நல்லது (தர எண் ஐ.எஸ். 15477), ஆனால் செலவு கூடும். பாத்ரூமுக்கு வழுக்காத சொரசொரப்புக் கல்தான் போட வேண்டும். அங்கே அழகு பார்க்கக்கூடாது.

7. குறைப்பது எங்கே?

பணம் தீரும் நேரத்தில் வீட்டுக்காரர் கையில் பேரம் பேச மிஞ்சுவது ஒன்றே ஒன்றுதான்: பதிப்பவரின் கூலி. கடைக்குப் பணம் கொடுத்தாயிற்று, சிமென்ட் வந்தாயிற்று. அத்தையும் கடைசியில் அப்பாவிடம், "அண்ணே, சதுர அடிக்கு மூணு ரூபா கொறச்சுக்கங்க" என்றார். தெரிந்தவர் என்பதால் அப்பாவும் குறைத்துக்கொண்டார். அதில் அத்தைக்கு மிஞ்சியது 429 ரூபாய். வரியோடு 944 ஆகும் ஒரு பெட்டி விலையில் அது பாதிகூட இல்லை. அப்பாவுக்கோ, சித்தாளுக்குக் கொடுத்தது போக அந்த 429 என்பது முட்டி போட்டு உழைத்த கூலியில் ஒரு பெரிய துண்டு.

கூலி குறைந்தால் வேலையும் குறையும் அபாயம் உண்டு. அவசரத்தில் கலவையை முழுக்கப் பரப்பாமல் திட்டுத் திட்டாக வைப்பார்கள். அந்தக் கல்லை நாணயத்தால் தட்டினால் 'டொக்' என்று வெற்றொலி கேட்கும். கனமான பொருள் விழுந்தால் அதுதான் முதலில் உடையும்.

உண்மையாக மிச்சம் பிடிக்கும் இடங்கள் வேறு. அறையை நாடா வைத்து மில்லிமீட்டரில் அளந்து, தாளில் கட்டம் போட்டு, கல்லை எண்ணியே வாங்குவது. அடித்தளத்தை மட்டமாகப் போடுவது. வெட்டுத்துண்டில் ஸ்கர்டிங் எடுப்பது. மூன்றும் வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டியவை. மூன்றுக்கும் தேவை நம் பாடப்புத்தகத்தில் இருக்கும் கணக்குத்தான்.

நண்பர்களே! நம்மில் பலர் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். டிப்ளமோ முடிக்கும் முன்பே தெருவில் யாராவது, "நீ சிவில்தானப்பா படிக்கிற, எங்க வீட்டுத் தரைக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்கத்தான் போகிறார்கள். அப்போது வாய்க்கு வந்த ரேட்டைச் சொல்லாமல், நாடாவை எடுத்துக்கொண்டு போய் அளந்து, கல்லை எண்ணி எழுதிக் கொடுப்போம். அது ஒரு மணி நேர வேலைதான். அதில் அடகு வைத்தவருக்கும் பதிப்பவருக்கும் சேர்த்தே நன்மை உண்டு.