ஆரஞ்சு அலர்ட்டுன்னா மழை நிச்சயமா?

"ஆரஞ்சு அலர்ட்னாங்க, சோலூர்ல வெயில்தான் அடிச்சது!" பருவமழைக் காலத்தில் நீலகிரியில் இந்தப் பேச்சு சகஜம். அப்போ எச்சரிக்கை பொய்யா? இல்லைங்க.

எச்சரிக்கை மாவட்டம் முழுமைக்கும் வருகிறது. மலையில் மழை அப்படிப் பெய்வதில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. கோத்தகிரிப் பக்கம் அதில் சிறு பங்குதான்.

ஆனால் நாளை பள்ளிக்கு விடுமுறையா, எந்தச் சாலையை மூடுவது என்பதை மாவட்ட ஆட்சியர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். 'மழை வரலாம்' என்ற ஒற்றை வரி அவருக்குப் போதாது. அதனால் வானிலை ஆய்வு மையத்தின் நிற எச்சரிக்கை இரண்டு கேள்விகளைச் சேர்த்துப் பார்க்கிறது: நடக்க எவ்வளவு வாய்ப்பு? நடந்தால் எவ்வளவு பாதிப்பு? மஞ்சள் என்றால் கவனியுங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். வெயில் அடித்த நாளிலும், தயாராக இருந்தது சரியான முடிவுதான்.

நம் மாநிலத்தின் டிஎன்ஸ்மார்ட் தளம் முன்னறிவிப்போடு பாதிப்பு வரக்கூடிய இடங்களையும் அதிகாரிகளுக்குக் காட்டுகிறது. பொதுமக்களுக்கு டிஎன்-அலர்ட் செயலி இருக்கிறது.

இருந்தாலும், மழைமானி இல்லாத சரிவில் மண் ஊறிக் கிடப்பது கணினிக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். சாலையில் புது விரிசல், சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி ஓடும் ஓடை எதைப் பார்த்தாலும் 1077-க்கு அழையுங்க. இடம், நேரம் சொல்லுங்க. கண்ணால் பார்த்தது எது, கேள்விப்பட்டது எது என்று பிரித்துச் சொல்லுங்க. "ரோடு போச்சுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டால், எந்த ரோடு என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும்.