ஏரிக்கு முதல் படகு: எத்தனை அடி வாங்கலாம்?

வெளியூர்க்காரர்களுக்குப் புதுச்சேரி என்றால் கடற்கரைச் சாலை. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் குடியிருப்பவர்களுக்கோ தண்ணீர் என்றால் ஏரிதான். புதுவைப் பகுதியில் மொத்தம் 84 ஏரிகள் என்று சொல்வார்கள். சின்ன ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர்களும், நிலத்தில் பெரிய குட்டை வெட்டி மீன் விட்டிருப்பவர்களும் சொந்தமாக ஒரு படகு இருந்தால் தேவலை என்று நினைப்பதுண்டு. வலை இழுக்க, தீனி போட, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிவர எல்லாவற்றுக்கும் ஆகும். அப்படி முதல் படகு வாங்கும் குடும்பத்துக்கான குறிப்புகள் இவை.

1. படகை அளக்கும் முன் தண்ணீரை அளந்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரை தொட நிற்கும் ஏரி, சித்திரையில் மாடு மேயும் இடமாகிவிடும். மதகு திறந்து மூடுகிறவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: மார்கழியில் நடு ஏரியில் எவ்வளவு ஆழம், மாசியில் எவ்வளவு? மாசியில் முழங்கால் அளவுதான் என்றால், ஆளேறிய பிறகும் அரை அடிக்கு மேல் அமிழாத படகுதான் உங்களுக்கு வேண்டும். வருடத்தில் ஐந்தாறு மாதம் மட்டும் மிதக்கப்போகிற பொருளுக்குப் பெரிய தொகை போடுவதைப் பற்றியும் அப்போதே யோசித்துவிடலாம்.

2. எந்த ஏரி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஊசுட்டேரியை நினைத்துப் படகு வாங்காதீர்கள். சுமார் 800 ஹெக்டேர் பரப்பில், பாதி புதுச்சேரியிலும் பாதி தமிழ்நாட்டிலுமாகக் கிடக்கும் அந்த ஏரியின் புதுவைப் பகுதி 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தமிழகப் பக்கமும் பின்னர் சரணாலயமானது. வனத்துறை அனுமதி இல்லாமல் சொந்தப் படகை அங்கே இறக்க முடியாது. நாமக்கோழியும் ஊசிவால் வாத்தும் வந்திறங்கும் குளிர்காலத்தில் அதற்குள் துடுப்புப் போட ஆசைப்படுவதும் நியாயமில்லை. பாகூர் ஏரி பாசன ஏரி. தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக அதற்குத் தண்ணீர் வருகிறது. அங்கே இறங்குவதற்கு முன் பொதுப்பணித்துறையிலும் கொம்யூன் பஞ்சாயத்திலும் மீன் குத்தகைதாரரிடமும் கேட்க வேண்டும். ஆக, சொந்தப் படகு பெரும்பாலும் குத்தகை எடுத்த சிற்றேரிக்கோ சொந்தக் குட்டைக்கோ தான். இது தெளிவானாலே படகின் நீளத்தில் பாதி குறைந்துவிடும்.

3. ஆள் கணக்குக்கு ஒரு எளிய வாய்ப்பாடு உண்டு. இருபது அடிக்கு உட்பட்ட சிறு படகுகளுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படை சொல்வது அது. நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15ஆல் வகுக்க வேண்டும். வரும் விடையில் பின்னத்தை விட்டுவிட வேண்டும். 10 அடி நீளம், 4 அடி அகலம் என்றால் 40. வகுத்தால் இரண்டு பேர். 12க்கு நாலரை என்றால் 54, மூன்று பேர். 12க்கு 5 என்றால் 60; நான்கு பேர். இந்தக் கணக்கில் ஓர் ஆள் ஏறத்தாழ 68 கிலோ. நம் வீட்டு ஆயா அவ்வளவு இருக்கமாட்டார் என்று இன்னொருவரை ஏற்றாதீர்கள். குழந்தையையும் ஓர் ஆளாகவே எண்ணுங்கள். படகில் அசையாமல் உட்காராத ஆள் அதுதான். தூண்டில் பெட்டி, சோற்றுக்கூடை, தண்ணீர்க் கேன் எல்லாம் சேர்ந்து இன்னொரு ஆள்.

4. சந்தேகம் வந்தால் நீளத்தை விட்டுவிட்டு அகலத்தைக் கூட்டுங்கள். இந்தக் குறிப்புகளில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். படகுப் பட்டறையில் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை அடி?" என்று. அதற்கு வரும் பதில் நீளம்தான். அகலத்தை நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள். ஆனால் ஒரு பக்கம் ஆள் எழுந்து நின்றால் படகு சாயாமல் தாங்குவது அகலத்தால். அந்தத் தாங்குதிறன் நீளத்தோடு நேர்க்கணக்கில்தான் ஏறும். அகலத்தோடோ, அதை மூன்று முறை பெருக்கிய கணக்கில் ஏறும். 4 அடியை மூன்று முறை பெருக்கினால் 64. 5 அடியைப் பெருக்கினால் 125. ஓர் அடி அகலம் கூடியதற்குப் பிடிமானம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதே பலனை நீளத்தில் பெற 12 அடியை 23 அடிக்கு மேல் இழுக்க வேண்டும். அதைத் தூக்க ஊரையே கூப்பிட வேண்டியிருக்கும். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு, சாமான் ஏற்றாத வரை, என் கணக்கு 12 அடி நீளம், 5 அடி அகலம், தட்டை அடிப்பாகம். வேகம் வராதுதான். ஏரிக்குள் வேகமாகப் போய் எங்கே சேரப்போகிறோம்?

5. கடற்கரைப் பழைய படகு மலிவாக வருகிறதே என்று மயங்காதீர்கள். புதுவைக் கடலோரக் குப்பங்களில் ஓடும் ஃபைபர் படகுகள் பெரும்பாலும் 28 அடிக்கும் மேல் இருக்கும். நீண்டு ஒடுங்கிய அந்த உடல் அலையை வெட்டிக்கொண்டு கரை தாண்டுவதற்காகச் செய்தது. அதை ஓட்ட எஞ்சின் வேண்டும், இறக்கி ஏற்றப் பத்துக் கை வேண்டும். ஏரிக்குள் திருப்புவதற்கே இடம் போதாது. இன்னொன்றும் உண்டு. கடல் நீரைவிட ஏரி நீர் அடர்த்தி குறைந்தது. ஒரு கன மீட்டர் கடல் நீர் சுமார் 1025 கிலோ, நல்ல தண்ணீர் 1000 கிலோ. அதே சுமையோடு அதே படகு ஏரியில் கொஞ்சம் கூடுதலாக அமிழும். சிறு வித்தியாசம்தான், ஆனாலும் நமக்குப் பாதகமான பக்கத்தில் இருக்கிற வித்தியாசம்.

6. வாங்கும் முன் சாக்கட்டியால் ஒரு சோதனை. காலிப் படகைத் தண்ணீரில் விட்டு, வெளிப்புறம் நீர்மட்டம் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேர் எடைக்கு மணல் மூட்டை ஏற்றி மறுபடி பாருங்கள். நீர்மட்டத்தில் படகின் பரப்பு 4 சதுர மீட்டர் என்றால், 40 கிலோவுக்கு ஒரு சென்டிமீட்டர் அமிழும். அப்படியானால் 240 கிலோவுக்கு ஆறு சென்டிமீட்டர்தான். அதற்கு மேல் வெகுவாக இறங்கினால் கடைக்காரர் சொன்ன அகலம் மேல்விளிம்பில் அளந்தது, அடியில் ஒடுங்குகிறது என்று அர்த்தம். எல்லாச் சுமையும் ஏறிய பிறகு நீர்மட்டத்துக்கு மேல் குறைந்தது ஓர் அடி விளிம்பு தெரிய வேண்டும்.

7. பரிசல்? ஒகேனக்கல்லில் பார்த்துவிட்டு வந்து ஒன்று வாங்கிவிடலாம் என்று தோன்றும். விலை குறைவு, கொஞ்சத் தண்ணீரிலும் போகும், ஓர் ஆளே தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். மீன் பிடிக்கிறவருக்குக் கச்சிதமானது. ஆனால் நேராக ஓட்டப் பழகவே நாளாகும்; அதுவரை நின்ற இடத்தில் சுற்றும். குடும்பத்தோடு ஏற முதல் படகாக அது வேண்டாம்.

8. தெர்மாகோல் பலகை, லாரி டியூப் இவற்றில் பிள்ளைகளை ஏற்றவே கூடாது. மீனவர் அதில் போகிறாரே என்றால், அவருக்கு நீந்தத் தெரியும், வேறு வழியும் இல்லை.

9. காற்றடைக்கும் ரப்பர் படகு மடித்துப் பீரோ மேல் வைக்கலாம் என்பதால் கவர்ச்சியானது. நம் ஏரிகளுக்குள் கருவேலமும் சீமைக்கருவேலமும் நிற்கின்றன. தண்ணீர் ஏறும்போது முள் கிளைகள் மேற்பரப்புக்குக் கீழே மறைந்துவிடும். மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

10. முதல் வருடம் மோட்டார் வேண்டாம். ஆகாயத்தாமரை, கோரை, நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிய தண்ணீரில் விசிறி நாலடிக்கு ஒரு தரம் சிக்கும். பேட்டரி மோட்டார் என்றாலும், 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி ஒன்றே 25 கிலோவுக்கு மேல் இருக்கும். மோட்டாரும் சேர்ந்தால் ஒரு பிள்ளையின் இடம் போய்விடும். எந்திரம் பொருத்தினால் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021இன்படி ஆய்வும் பதிவும் தேவைப்படுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆழமில்லாத இடத்துக்கு மூங்கில் கழி, ஆழத்துக்கு இரண்டு துடுப்பு. அகலப் படகுக்குத் துடுப்பும் நீளமாக வேண்டும். 5 அடி அகலத்துக்கு 8 அடி. இலவசம் என்று தரும் குட்டைத் துடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், தோள்தான் வலிக்கும்.

11. எப்படிக் கொண்டுபோவது என்று யோசித்தீர்களா? குட்டியானை வண்டியின் பின்தளம் சுமார் ஏழடி நீளம், அகலம் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. 12 அடிப் படகு வெளியே ஐந்தடி நீட்டிக்கொண்டு நிற்கும். விளிம்பு பக்கப் பலகைமேல்தான் உட்காரும். ஏரிக்கரையிலேயே வைக்க இடமிருந்தால் கவலையில்லை. ஒவ்வொரு முறையும் ஏற்றி இறக்க வேண்டும் என்றால் 10 அடிப் படகு வாங்கி, இரண்டிரண்டு பேராகப் போய்வருவது மேல். மூன்று பேர் சேர்ந்து தூக்க முடியாத படகு இரண்டாம் வருடம் கரையிலேயே கிடக்கும்.

12. பெரிய படகுதான் பாதுகாப்பு என்று பெரியவர்கள் சொல்வார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்த ஜலகன்யகா இரண்டடுக்குப் படகு. 45 பேர் இறந்தார்கள். பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் சுற்றுலாப் போனவர்களில் 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேர். 2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹர்னி ஏரியில் 12 மாணவர்கள், 2 ஆசிரியர்கள். தானூரிலும் ஹர்னியிலும் படகு ஏற்றக்கூடியதைவிட அதிகம் பேர் ஏறியிருந்தார்கள். அளவுக்கு மீறி ஏற்றினால் பெரிய படகும் சின்னப் படகும் ஒன்றுதான். மேல்தளம், கூரை, உயரமான நாற்காலி எதுவும் குடும்பப் படகில் வேண்டாம். உட்காரும் பலகை எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது.

13. படகின் விலையோடு மிதவை அங்கியின் விலையையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். ஆளுக்கு ஒன்று, போட்டபடி ஏற வேண்டும். பலகைக்கு அடியில் மடித்து வைத்த அங்கி யாருக்கும் பயனில்லை. மேலே "50 நியூட்டன்" என்று இருந்தால் அது நீந்தத் தெரிந்தவருக்கு. நீந்தத் தெரியாத பெரியவருக்கு 100 நியூட்டன் வாங்குங்கள். பிள்ளைகளுக்கு எடைக்கேற்ற சிறிய அளவு, கால்களுக்கு இடையே பட்டை உள்ளதாக. பட்டை இல்லாவிட்டால் தண்ணீரில் அங்கி மேலே போகும், பிள்ளை கீழே நழுவும். இடுப்பளவுத் தண்ணீரில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

14. முதலில் நோணாங்குப்பம் போய்வாருங்கள். புதுச்சேரி சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் சுண்ணாம்பாறு படகு இல்லம் அங்கே இருக்கிறது. காசு கொடுத்துச் சின்னப் படகு ஒன்றிலும் பெரிய படகு ஒன்றிலும் ஏறிப் பாருங்கள். எதில் ஏறும்போது ஆயா கம்பியை இறுகப் பிடிக்கிறார், எதில் பேத்தியோடு பேசிக்கொண்டே வருகிறார் என்பதைக் கவனித்தால் பாதி முடிவு வந்துவிடும்.

15. காலை வேளைதான் ஏரிக்கு ஏற்றது. மதியத்துக்குப் பிறகு கடல்காற்று உள்ளே வரும். அகன்ற ஏரியில் அது அலையாகத் தட்டும். சித்திரை, வைகாசியில் மேற்கே கருத்தால் உடனே கரை ஏறிவிடுங்கள், இடிக்கு முன் நடு ஏரியில் உயர்ந்து நிற்பது நீங்கள்தான். திறந்திருக்கும் மதகுக்கும், வழியும் கலங்கலுக்கும், சங்கராபரணியின் படுகை அணைகளுக்கும் அருகே படகைக் கொண்டுபோகவே வேண்டாம்.

16. வெள்ளத்துக்கு உதவுமே என்று வாங்குகிறவர்களும் உண்டு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறக்க, தென்பெண்ணை பாகூர் பக்கத்துக் கிராமங்களுக்குள் வந்தது. தெருவில் தேங்கி நிற்கும் தண்ணீரில் பால், மாத்திரை கொண்டுவர இந்த 12 அடிப் படகு போதும். ஓடுகிற தண்ணீரில் இறக்காதீர்கள். அதற்கு மீட்புப் படையின் எஞ்சின் படகு வரட்டும்.

17. கடைசிச் சோதனை, பணம் எண்ணிக் கொடுப்பதற்கு முன். இடுப்பளவுத் தண்ணீரில் படகை விளிம்பு வரை நிரப்புங்கள். முன்னும் பின்னும் காற்றறையோ ஃபோமோ அடைத்த படகு, நிரம்பிய பிறகும் மூழ்காமல் விளிம்பு தெரிய மிதக்கும். அடியில் போய் உட்கார்ந்தால் எத்தனை அடி நீளமாக இருந்தாலும் அது வேண்டாம். "இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை" என்று பட்டறைக்காரர் சொன்னால் சிரித்துக்கொண்டே அடுத்த பட்டறைக்குப் போங்கள்.