தாழ்த்திய கமாரோவுக்குக் கண்ட்ரோல் ஆர்ம்



1967 முதல் 1969 வரை வந்த செவ்ரலே கமாரோவில் முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு கண்ட்ரோல் ஆர்ம்கள் உண்டு. அவற்றின் உள்முனை புஷ் வழியாகச் சப்ஃபிரேமிலும், வெளிமுனை பால் ஜாயிண்ட் வழியாகச் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிண்டிலிலும் சேர்கிறது. காயில் ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேல் உட்காரும். ஏறி இறங்கும் சக்கரம் எந்தப் பக்கம் சாயும் என்பது இந்த ஆர்ம்களின் நீளத்தையும் சரிவையும் பொறுத்தது.

தொழிற்சாலை அமைப்பில் மேல் ஆர்மின் வெளிமுனை தாழ்ந்து நிற்கும். அதனால் வண்டி வளைவில் சாயும்போது வெளிச்சக்கரத்தின் உச்சி உள்ளே சாயாமல் வெளியே சாய்கிறது. டயரின் வெளி ஓரம் தேய்கிறது. பந்தய வீரர் டிக் கல்ட்ஸ்ட்ராண்ட் பெயரால் வழங்கும் மாற்றம் இதற்கானதே: சப்ஃபிரேமில் புதிய துளையிட்டு மேல் ஆர்மின் உள்முனையை இறக்குவார்கள். துளையிட விரும்பாதவர்கள் அரை அங்குலம் உயரமான மேல் பால் ஜாயிண்டைப் பொருத்துகிறார்கள்.

ஆர்ம் வாங்குமுன் வண்டி எப்படித் தாழ்த்தப்பட்டது என்று பார்க்க வேண்டும். குட்டை ஸ்பிரிங் போட்டால் ஆர்ம்களின் சரிவே மாறும். பால் ஜாயிண்ட் தன் அசைவின் ஒரு கோடியை நெருங்கும். பம்ப் ஸ்டாப்புக்கான இடைவெளி குறையும். இதற்குப் பால் ஜாயிண்டின் இருக்கைக் கோணம் திருத்தப்பட்ட ஆர்ம் வேண்டும். மாறாக, 2 அங்குல ட்ராப் ஸ்பிண்டில் சக்கர அச்சை மட்டும் உயர்த்துவதால் சரிவு பழையபடியே இருக்கும். ஆர்மும் ஸ்பிண்டிலும் ஒத்துப்போகவும் வேண்டும்: உயரமான ஸ்பிண்டிலுக்கென்று செய்த மேல் ஆர்ம் பழைய ஸ்பிண்டிலுக்குப் பொருந்தாது.

அடுத்தது காஸ்டர், அதாவது ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம். அக்காலத்தில் அது ஒரு டிகிரிக்குள்தான் வைக்கப்பட்டது. ரேடியல் டயரும் பவர் ஸ்டியரிங்கும் உள்ள வண்டிக்கு 4 முதல் 6 டிகிரி நல்லது. பழைய ஆர்மில் ஷிம் தகடுகளை அடுக்கி அவ்வளவு பெற முடியாது. பால் ஜாயிண்டைப் பின்தள்ளி வைத்த குழாய் ஆர்மில் எளிதாகக் கிடைக்கும்.

தினசரி ஓட்டத்துக்கு ரப்பர் புஷ் போதும். ஆனால் வண்டி தரையில் நிற்கும் நிலையில்தான் அதன் போல்ட்டை இறுதியாக முறுக்க வேண்டும். தூக்கி வைத்து முறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே நின்று சீக்கிரம் கிழியும். பாலியூரிதேன் புஷ்ஷில் கிரீஸ் வற்றினால் கீச்சொலி வரும். டெல்ரின் என்ற கடினப் பிளாஸ்டிக் புஷ் தடையின்றிச் சுழலும், ஆனால் சாலை அதிர்வைக் கூடுதலாகக் கடத்தும்.

பொருத்தும்போது ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, கீழ் ஆர்மை ஜாக்கியால் அங்குலம் அங்குலமாக உயர்த்திச் சக்கரத்தின் சாய்வான கேம்பரை அளந்து வர வேண்டும். எந்த உயரத்திலும் பால் ஜாயிண்ட் இறுகக் கூடாது. ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்கத் திருப்பினாலும் டயர் எதிலும் உரசக் கூடாது. அதன்பின் ஸ்பிரிங்கை மாட்டி, வண்டியை இறக்கி, அலைன்மென்ட் செய்யலாம்.