படகு இருக்கிறது, வண்டிக்கு எங்கே கேட்பது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணிக் கரை ஊர்கள் பல தீவாகிப் போயின. மீனவர்களின் படகுகளைக் கடலோரத்திலிருந்து லாரியில் ஏற்றித்தான் உள்பகுதி ஊர்களுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் லாரிக்காரர் போனை எடுக்காவிட்டால் படகு மணலிலேயே கிடக்கும். தன்னார்வ மீட்புக் குழுக்கள் சொந்த வண்டி கேட்பது இதனால்தான்.

பணம் திரட்டப் பல வழிகள் உண்டு. எதில் இறங்கினாலும், வண்டி வாங்கும் பணத்தையும் அதை ஓட்டும் பணத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். டீசல், இன்சூரன்ஸ், எஃப்சி (தகுதிச் சான்று), டயர் எல்லாம் வருஷா வருஷம் வரும் செலவு.

பெரிய தொகைக்கு என் முதல் தேர்வு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதி. ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது சட்டம். பேரிடர் மீட்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் நான்கு இளைஞர்கள் சேர்ந்து வெறும் வாட்ஸ்அப் குழுவாகப் போய் நின்றால் கதவு திறக்காது. டிரஸ்ட்டாகவோ சங்கமாகவோ பதிவு, 12ஏ, 80ஜி என்று சொல்லப்படும் வருமான வரிச் சலுகைப் பதிவுகள், சிஎஸ்ஆர் பதிவு எண், மூன்று ஆண்டு வேலைக்கான சான்று எல்லாம் கேட்பார்கள். வண்டியின் பதிவுச் சான்றும் (ஆர்சி) டிரஸ்ட் அல்லது சங்கத்தின் பெயரில்தான் இருக்க வேண்டும். "தலைவர் பெயரில் எடுத்துவிட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். நல்ல குழுக்கள் உடைவது இந்த இடத்தில்தான்.

எம்.பி. தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி. அந்தப் பணம் உங்கள் கைக்கு வராது, மாவட்ட நிர்வாகம் வழியாகத்தான் செலவாகும். அவசரத்துக்கு உதவாது, மனு கொடுத்து வைப்பதில் தப்பில்லை.

இணையத்தில் திரட்டுவது, வெள்ளம் டிவியில் ஓடும் வரைக்கும்தான். தண்ணீர் வடிந்ததும் பணமும் வடிந்துவிடும். தளத்துக்குக் கட்டணம் போகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுச் சொந்தங்களிடம் கேட்கும்போது கவனம் தேவை. துபாயில் இருக்கும் மச்சானிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால், அவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) அனுமதி இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அவர் மனம் கோணாமல் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பரிசுக் குலுக்கல் வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. வங்கிக் கடனும் வேண்டாம். மழை இல்லாத மாதத்திலும் தவணை வரும். அப்போது நன்கொடை வராது.

ஓட்டும் செலவுக்கு ஊர்ப் பணத்தை விட நம்பகமானது எதுவும் இல்லை. மளிகைக் கடை, அரிசி ஆலை, ஐஸ் கம்பெனி, பள்ளி ஆசிரியர்கள் என்று ஐம்பது பேர் மாதம் 100 ரூபாய் கொடுத்தால் 5,000 ஆகிறது. கொடுப்பவர் கண் முன்னாலேயே ரசீது எழுதுங்கள். டீசல் பில்லை நோட்டில் ஒட்டி, அந்த நோட்டை டீக்கடையில் தொங்கவிடுங்கள். பத்தாம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தவர் அடுத்த மாதம் கேட்காமலே தருவார். நிறுவனத்திடம் போகும்போதும் அந்த நோட்டையே கொண்டுபோங்கள்.

நிறுவனங்களின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, நமக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரில். மனு ஏப்ரலிலேயே போய்ச் சேர்ந்தால், வண்டி வந்த பிறகும் படகை அதில் ஏற்றிக் கயிறு கட்டிப் பழக ஒரு மாதமாவது மிஞ்சும்.